பிக்கப் டிரக்கின் ஏர் பம்ப்: பம்பை மாற்றும் முன் வால்வைப் பாருங்கள்

மிச்சிகனில் ஒரு ஜனவரி காலை. ராத்திரி முழுக்க வாசலில் பனியில் நின்ற டிரக்கை ஸ்டார்ட் செய்தேன். வழக்கமாக முன்பக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் 'உய்ய்' என்று கேட்கும் சத்தம் அன்று இல்லை. மறுநாள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. அதற்கடுத்த நாள் ஃப்ரீவேயில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மாட்டுவண்டி வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே என்னை ஓரம் கட்டினார்கள்.

ஒரு கடையில் காட்டினேன். ஏர் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் பம்பை மட்டும் மாற்றினார்கள். பில் நான்கு இலக்கம். சரியாகப் பதினான்கு மாதம் ஓடியது. அப்புறம் அதே விளக்கு, வண்டியின் கணினி பதிவு செய்யும் அதே கோளாறுக் குறியீடு. இரண்டாம் தடவை நானே கழற்றினேன். பம்பைக் கையில் எடுத்துக் கவிழ்த்தபோது அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது, டீ டிக்காஷன் நிறத்தில். மோட்டாருக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று முதல் தடவையே யாராவது கேட்டிருந்தால் எனக்கு ஒரு பம்பின் காசு மிச்சமாகியிருக்கும்.

கீழே எழுதியிருப்பது அந்தக் கேள்வியை வைத்து வேலை செய்யும் முறை. சாதாரண ராட்செட் செட், மல்டிமீட்டர், குறியீடு படிக்கும் கருவி (ஸ்கேன் டூல்) இருந்தால் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே முடிக்கலாம்.

இந்தப் பம்ப் என்ன செய்கிறது

விறகடுப்பு பற்றவைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈர விறகு, நிறையப் புகை, தீ பிடிக்கவில்லை. ஊதாங்குழலை எடுத்து இரண்டு ஊது ஊதினால் அந்தப் புகையே குப்பென்று எரிய ஆரம்பிக்கும். குளிர்ந்த இன்ஜினும் இப்படித்தான். ஸ்டார்ட் ஆனதும் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகும். எரியாத ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் எக்ஸாஸ்டில் வெளியேறும். அதைச் சுத்தம் செய்ய வேண்டிய கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை தூங்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் எக்ஸாஸ்ட் வாயிலேயே புதுக் காற்றை ஊதினால் மிச்சப் பெட்ரோல் அங்கேயே எரியும். அந்தச் சூட்டிலேயே கன்வர்ட்டரும் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ஏர் பம்ப்தான் அந்த ஊதாங்குழல்.

இந்த அமைப்பு உள்ள இன்றைய டிரக்குகளில் இது ஒரு மின் மோட்டார். குளிர்ந்த ஸ்டார்ட்டுக்குப் பிறகு அரை நிமிஷத்திலிருந்து ஒன்றரை நிமிஷம் வரை சுற்றிவிட்டு நின்றுவிடும். பம்பிலிருந்து ஹோஸ் வழியாக ஒரு வால்வுக்கும், வால்விலிருந்து இரும்புக் குழாய் வழியாக எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கும் காற்று போகும். சிலிண்டர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும் வி6, வி8 இன்ஜின்களில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு இருப்பதுண்டு. 2007 முதல் வந்த 5.7 லிட்டர் டொயோட்டா டண்ட்ராவில் பம்பே இரண்டு. 2012 முதல் வந்த 4.0 லிட்டர் டகோமாவிலும் இந்த அமைப்பு உண்டு. நம் ஊர் மோட்டார் பைக்குகள் பலவற்றிலும் இதே யோசனைதான். பம்ப் கிடையாது, எக்ஸாஸ்டின் துடிப்பே ஒரு ரீட் வால்வு வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும்.

பம்பைச் சாகடிப்பது எது

பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். குளிர்காலத்தில் சைலென்சர் முனையில் சொட்டுவது அதுதான். பம்ப் நின்ற பிறகு எக்ஸாஸ்ட் பின்னோக்கி வராமல் தடுப்பது வால்வின் வேலை. வால்வின் தகடு கரி பிடித்தோ துருப்பிடித்தோ முழுசாக மூடாமல் போனால், இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான ஈரப் புகை ஹோஸுக்குள் நுழையும். அது குளிர்ந்து தண்ணீராகிப் பம்புக்குள் தேங்கும். பம்ப் தாழ்வான இடத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். பேரிங் துருப்பிடிக்கும், மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் பிரஷ் ஒட்டிக்கொள்ளும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போனால் தண்ணீர் உறைந்து விசிறியையே பிடித்துக்கொள்ளும். காலையில் கணினி பம்பை ஓடச் சொல்லும், பம்ப் அசையாது, மோட்டார் தாறுமாறாகக் கரண்ட் இழுக்கும், ஃப்யூஸ் போகும். சில சமயம் ஃப்யூஸுக்கு முன்பே, பம்புக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலே கருகும்.

அதனால் பம்பு போன வண்டியில் வால்வைச் சோதிக்காமல் பம்பை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுகுவதைக் கவனிக்காமல் பாயை மட்டும் மாற்றுவது மாதிரி.

இன்னொரு எமனும் உண்டு. சில பம்புகளின் காற்று வாயில் ஒரு ஸ்பாஞ்சு வடிகட்டி இருக்கும். வருஷங்கள் போகப் போக அது பொடிப்பொடியாக உதிரும். அந்தத் தூளைப் பம்பே உறிஞ்சி விசிறியில் சிக்க வைத்துக்கொள்ளும். கழற்றும்போது ஹோஸில் கறுப்புத் துணுக்குகள் தெரிந்தால் இதுதான் விஷயம்.

முதலில் குறியீடு

கருவியைச் செருகியதும் அழித்துவிடாதீர்கள். எல்லாக் குறியீட்டையும், கூடவே பதிவாகியிருக்கும் இன்ஜின் சூடு, வேகம் போன்ற விவரங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இந்த அமைப்பில் அடிக்கடி வருபவை இவை:

பி0410 பொதுக் கோளாறு. பி0411 காற்றோட்டம் சரியில்லை. பி0412 வால்வின் மின்சுற்று. பி0418 பம்ப் ரிலேயின் மின்சுற்று. பி0491, பி0492 இரண்டும் முறையே ஒன்றாம், இரண்டாம் பக்கத்துக்குப் போதிய காற்று வரவில்லை என்பவை. பி2440 ஒன்றாம் பக்க வால்வு திறந்தே மாட்டிக்கொண்டது, பி2441 மூடியே மாட்டிக்கொண்டது. இரண்டாம் பக்கத்துக்கு அதே வரிசையில் பி2442, பி2443. பி2444 பம்ப் நிற்காமல் ஓடுகிறது, பி2445 ஓடவே இல்லை.

ஒன்றாம் பக்கம் என்றால் முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம். அது இடதா வலதா என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறியீடு சொல்வது நோயின் பெயர் அல்ல, வலிக்கும் இடம். பி2445 வந்தால் பம்ப்தான் செத்தது என்று அர்த்தமில்லை. ஐந்து டாலர் ஃப்யூஸாக இருக்கலாம், எலி கடித்த ஒயராக இருக்கலாம். பி2440 அல்லது பி2442 வந்து கூடவே வண்டியின் வேகமும் கட்டுப்பட்டிருந்தால், திறந்த வால்வு வழியாகப் போகும் சூட்டிலிருந்து அமைப்பைக் காப்பாற்றக் கணினியே ஆக்ஸிலேட்டரை அடக்கிவைத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இன்ஜின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

கண்டுபிடிக்கும் படிகள்

முன்னெச்சரிக்கை ஒன்று. மூடிய கராஜில் இன்ஜினை ஓட விடாதீர்கள். இந்த வேலையில் எக்ஸாஸ்ட் வழியைத் திறந்துவைத்துச் சோதிப்போம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டிக்கு அடியில் போகிறீர்கள் என்றால் ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

முதல் படி, காது. வண்டி ஒரு ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நல்ல பம்ப் வேக்குவம் கிளீனர் மாதிரி ஒரே சுருதியில் பாடும். கரகரவென்றால் பேரிங் கடைசி மூச்சில் இருக்கிறது. மிக்ஸியில் கரண்டி மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம் வந்தால் விசிறி எதிலோ இடிக்கிறது. 'டக்' என்று ரிலே சத்தம் மட்டும் வந்து வேறெதுவும் இல்லையென்றால், பம்ப் பிடித்துக்கொண்டிருக்கலாம் அல்லது கரண்ட் அங்கே போய்ச் சேரவில்லை. ஒரு விஷயம்: ரொம்பக் கடுங்குளிரிலும், ஏற்கெனவே சூடான இன்ஜினிலும் கணினி பம்பை ஓட்டாது. குறியீடு ஏற்கெனவே பதிந்திருந்தாலும் பல வண்டிகளில் ஓட்டாது. அதனால் சத்தம் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இரண்டாம் படி, ஃப்யூஸும் ரிலேயும். இந்தப் பம்பு சாதாரணமாகவே 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் இதன் ஃப்யூஸ் பெரியது, பெரும்பாலும் இன்ஜின் பகுதிப் பெட்டியில் இருக்கும். கண்ணால் பார்த்தால் போதாது, மீட்டர் வைத்துப் பாருங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் புதுசு போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள், அது சும்மா போகவில்லை. ரிலேயைப் பிடுங்கி அதன் கால்களைப் பாருங்கள்; ஊதா நிறமோ உருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் பம்ப் கொஞ்ச நாளாகவே கஷ்டப்பட்டிருக்கிறது. சில டிரக்குகளில் சாதாரண ரிலேக்குப் பதிலாக ஒரு மின்னணு டிரைவர் பெட்டி பம்பையும் வால்வையும் சேர்த்து இயக்கும். அதற்குள் திறந்து பார்க்க ஒன்றுமில்லை. உள்ளே போகும் கரண்ட், வெளியே வரும் கரண்ட் இரண்டையும் அளப்பதே வழி.

மூன்றாம் படி, பம்புக்கு நேரடிக் கரண்ட். பம்பின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இரண்டு, நடுவில் 40 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுக் கொடுங்கள். மெல்லிய ஒயர் வேண்டாம், கையைச் சுடும். கரண்ட் கொடுக்கும் முன் எது பிளஸ், எது மைனஸ் என்று ஒயரிங் படத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். சில விநாடி மட்டும் ஓட்டுங்கள், அப்புறம் ஆற விடுங்கள். இது நிற்காமல் ஓடச் செய்த மோட்டார் அல்ல. கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒயரைச் சுற்றிப் போடுங்கள். ஆரம்பத்தில் எகிறி உடனே இறங்கி ஓரிடத்தில் நின்றால் நல்ல பம்ப். எகிறிய இடத்திலேயே நின்றால் பிடித்துக்கொண்டது. மீட்டர் அசையவே இல்லையென்றால் உள்ளே பிரஷ்ஷோ ஒயரோ அறுந்திருக்கிறது.

பம்ப் இங்கே நன்றாக ஓடி, வண்டியில் ஓடவில்லை என்றால் குற்றவாளி ஒயரிங். ஸ்கேன் டூலில் பம்பை இயக்கும் வசதி இருந்தால் இயக்கிவிட்டு, கனெக்டரின் பின்பக்கம் மீட்டரை வைத்து ஓடும்போதே வோல்டேஜ் பாருங்கள். ஓடாத நேரத்தில் 12 வோல்ட் காட்டும் துருப்பிடித்த ஒயர், பாரம் ஏறியதும் 8-க்கு விழுந்துவிடும். பேட்டரி மைனஸிலிருந்து பம்பின் எர்த் வரை அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எர்த் முனையைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சாலையில் உப்பு கொட்டும் மாநிலங்களில் பாதி மின் கோளாறு இந்த எர்த் முனைகளில்தான்.

நான்காம் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம்: வால்வு. இன்ஜின் ஆறியிருக்கும்போது, வால்வுக்குள் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்து எடுங்கள். வெறும் தூசி என்றால் பரவாயில்லை. கறுப்புக் கரியோ ஈரமோ ஒட்டினால் எக்ஸாஸ்ட் அந்த வழியாக வந்திருக்கிறது. அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பம்ப் ஓடி முடிக்கும் நேரம் கழிந்ததும், வால்வின் திறந்த வாய்க்குச் சற்றுத் தள்ளிக் கையை வையுங்கள். வாயில் விரலை விடாதீர்கள். ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பரை வாய்க்கு எதிரே பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பேப்பர் 'படபட' என்று துடித்தால் வால்வு மூடவில்லை. அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. என் டிரக்கில் அந்தப் பேப்பர் துடித்ததோடு நிற்கவில்லை, ஒரு நிமிஷத்தில் ஓரம் பழுப்பாகி நனைந்தும் போனது.

வால்வு வேக்குவமால் இயங்கும் வகை என்றால் கைப் பம்பால் மீட்டரில் 15 முதல் 20 இன்ச் (பாதரச அளவு) வேக்குவம் கொடுத்துப் பிடித்துப் பாருங்கள். ஊசி மெல்ல இறங்கினால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. வேக்குவம் கொடுத்தால் திறக்க வேண்டும், விட்டதும் மூட வேண்டும். வால்வு சரியாக இருந்து இயங்கவில்லையென்றால் சின்ன வேக்குவம் ஹோஸ்களைப் பாருங்கள். வயசான ரப்பர் பிஸ்கட் மாதிரி ஒடியும். மின்வால்வு என்றால் ஸ்கேன் டூலில் திறந்து மூடச் சொல்லிச் சத்தம் கேளுங்கள். ஆனால் 'கிளிக்' கேட்டதால் மட்டும் தகடு முழுசாக உட்கார்ந்தது என்று நம்ப முடியாது, பேப்பர் சோதனைதான் கடைசி வார்த்தை.

ஐந்தாம் படி, ஹோஸும் குழாயும். ஹோஸ் கருகியிருந்தால் அதுவும் வால்வு ஒழுகியதற்குச் சாட்சி. இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் 'சிக் சிக்' என்று டப்பெட் சத்தம் மாதிரி கேட்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கழற்றி மாட்டுவது

பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் ஒரு படம். பம்ப் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் வேறு: சிலதில் சக்கரத்துக்கு மேலுள்ள உள்மறைப்புக்குப் பின்னால், சிலதில் ரேடியேட்டர் பக்கம், சிலதில் இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும், ஒரு டஜன் புதுசு வாங்கி வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைவிட வால்வைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான் வம்பு. அவை வருஷக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் வெந்தவை. முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், காலையில் இன்னொரு தடவை. இளகும்போது ஒரே மூச்சில் சுற்றாமல் கால் சுற்று இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்கி வாருங்கள். இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் ஒரு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒடிந்தால் அரை நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். அவசரம் வந்தால் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். நிஜமாகவே சொல்கிறேன்.

இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்க வேண்டிய மாடலாக இருந்தால், தூக்கிய அடுத்த நொடி திறந்த போர்ட்டுகளை டேப்பால் மூடுங்கள். ஒரு நட் உள்ளே விழுந்தால் அதைத் தேடுவது ஏர் பம்ப் வேலையைவிடப் பெரிய வேலை. மேனிஃபோல்ட் கேஸ்கட், வால்வு கேஸ்கட் எல்லாம் புதுசுதான். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கிற பத்து டாலருக்கு மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். போல்ட்டுகளைச் சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்), சொல்லும் வரிசையில் இறுக்குங்கள்.

வால்வைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாமா என்றால், கரி மட்டும் என்றால் போடலாம், கார்புரேட்டர் கிளீனரும் பல் பிரஷும் போதும். தகடு உட்காரும் விளிம்பில் துரு அரித்த குழிகள் தெரிந்தால் வேண்டாம். இருபக்க வால்வுகளில் ஒன்று போயிருந்தால் இன்னொன்றும் அதே வயசு, அதே ஈரம். மேனிஃபோல்டைத் தூக்கியாகிவிட்டது என்றால் இரண்டையும் மாற்றிவிடுவேன். போர்ட்டுக்குப் போகும் வழியில் கரி அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் சுரண்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். உள்ளே தள்ளாதீர்கள்.

புதுப் பம்பை மாட்டும் முன் ஹோஸ்களில் தேங்கிய தண்ணீரைக் கொட்டி, உலர்த்திவிடுங்கள். இதை மறந்தால் புதுப் பம்ப் முதல் நாளே பழைய தண்ணீரைக் குடிக்கும்.

பழைய பம்பைத் திறந்து சரிசெய்ய முடியுமா? நம் ஊராக இருந்தால் தெருமுனை வைண்டிங் கடையில் கொடுத்துச் சாயந்திரம் வாங்கிக்கொள்ளலாம். இங்கே பம்பே ரிவெட் அடித்து மூடி வருகிறது. நான் ரிவெட்டைத் துளைத்துத் திறந்தேன். துருவைச் சுரண்டி, பிரஷ்ஷை விடுவித்து, சிறு போல்ட் போட்டு மூடினேன். ஓடியது, ஆனால் கரகரத்தது. பேரிங்கில் குழி விழுந்த பம்ப் எத்தனை சுத்தம் செய்தாலும் இளமைக்குத் திரும்பாது. புதுசு வரும்வரை சமாளிக்க இது சரி, அதற்கு மேல் நம்ப மாட்டேன்.

காசு கொடுக்கும் முன் டீலரிடம் வண்டியின் அடையாள எண்ணை (VIN) கொடுத்து, உற்பத்தியாளர் இந்தப் பாகத்துக்கு உத்தரவாதத்தை நீட்டித்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஃபெடரல் விதியில் 8 ஆண்டு, 80,000 மைல் உத்தரவாதம் கேட்டலிடிக் கன்வர்ட்டர், இன்ஜின் கணினி போன்ற சில பெரிய பாகங்களுக்குத்தான். ஏர் பம்ப் அந்தப் பட்டியலில் இல்லை. கலிஃபோர்னியா விதிப்படி விற்ற வண்டிகளுக்குக் கணக்கு வேறு, கையேட்டில் பாருங்கள்.

பைபாஸ் பெட்டி

இந்தப் பாகங்களின் விலையைப் பார்த்ததும் கண்ணில் படுவது பைபாஸ் கிட். ஒரு தகடு எக்ஸாஸ்ட் வழியை அடைக்கும், ஒரு சின்னப் பெட்டி எல்லாம் ஒழுங்காக நடப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும். என்னிடமும் இரண்டு பேர் சிபாரிசு செய்தார்கள், மிச்சிகனில் புகைச் சோதனையே கிடையாதே என்று. சோதனை இல்லை, சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டுப் பாகத்தை முடக்குவதைத் தடை செய்கிறது. 1990 திருத்தத்துக்குப் பிறகு அது வண்டிச் சொந்தக்காரருக்கும் சேர்த்துத்தான். நாளை அந்த வண்டியைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனால், சோதனை செய்பவர் பானெட்டைத் திறந்து பாகங்கள் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்ப்பார். தகடு மட்டும் அடைக்கிற யோசனையும் வேண்டாம். காற்று வரவில்லை என்று கணினி அடுத்த குறியீட்டைப் போடும்.

முடிந்ததா என்று பார்ப்பது

குறியீட்டை அழித்த பிறகு விளக்கு எரியவில்லை என்பதால் வேலை முடிந்ததாகாது. ஸ்கேன் டூலில் தயார்நிலைப் பட்டியல் இருக்கும்; எந்தெந்த அமைப்பைக் கணினி சோதித்து முடித்தது என்று அது காட்டும். அதில் இரண்டாம் நிலைக் காற்று (Secondary Air, இந்த ஏர் பம்ப் அமைப்பின் பெயர்) என்ற வரி 'முடிந்தது' என்று மாற வேண்டும். அதற்கு ஒரு ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் குளிர்ந்த ஸ்டார்ட் வேண்டும், அப்புறம் நிதானமான ஓட்டம். இரண்டு மூன்று காலைகள் ஆகலாம். கலிஃபோர்னியாவில் 2000 முதல் வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு, பெட்ரோல் ஆவி தொடர்பான வரி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் முடிந்திருந்தால்தான் சோதனையில் தேறும். அழித்த மறுநாளே போய் நிற்காதீர்கள்.

பெல்ட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு

எழுபது, எண்பதுகளின் ஃபோர்டு, ஷெவர்லே பிக்கப்களில் இருப்பது இன்ஜின் பெல்ட் சுற்றும் பம்ப். இந்த யோசனை கலிஃபோர்னியாவில் 1966 மாடல் கார்களோடு வந்தது. ஜிஎம் இதை ஏ.ஐ.ஆர். என்றது, ஃபோர்டு தெர்மாக்டர் என்றது. பிக்கப் சரித்திரத்தில் இதையொட்டி ஒரு வேடிக்கை உண்டு. 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடைப் பிரிவுக்குக் கன்வர்ட்டர் கெடுபிடி அப்போது இல்லை. அந்தப் பிரிவுக்குள் நுழையவே 1975-ல் ஃபோர்டு எஃப்-150 என்ற மாடல் பிறந்தது.

இந்தப் பம்ப் வம்பில்லாதது. புல்லிக்குப் பின்னால் விசிறி வடிவில் இருப்பதே காற்று வடிகட்டி. சுற்றும் வேகத்தில் தூசியை வெளியே தள்ளிவிடும். அதைப் பெட்ரோலோ கிளீனரோ ஊற்றிக் கழுவாதீர்கள், பம்புக்கு எண்ணெயும் விடாதீர்கள். பெல்ட்டை இறுக்கும்போது கடப்பாரையை அலுமினிய உடம்பில் வைத்து நெம்பினால் உடம்பு நெளியும், அப்புறம் உள்ளே தகடுகள் உரசும். சத்தம் வந்தால் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஒரு நிமிஷம் ஓட்டிக் கேளுங்கள். பெல்ட்டோடு சத்தமும் போனால் பம்பைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலென்சரில் 'டமார்' என்றால் டைவர்ட்டர் வால்வைப் பாருங்கள். வேகம் குறையும் நேரத்தில் காற்றை எக்ஸாஸ்டுக்குப் போக விடாமல் வெளியே திருப்புவது அதன் வேலை. அதற்கு வரும் வேக்குவம் ஹோஸ் கழன்றிருந்தாலே வெடிக்கும்.

ஒழுகல் இதிலும் அதே கதைதான். இங்கே அதன் பெயர் செக் வால்வு, எக்ஸாஸ்ட் குழாய் முனையில் மாட்டியிருக்கும். ஆறிய பிறகு கழற்றி, துடைத்து, பம்ப் பக்கமிருந்து வாயால் ஊதுங்கள்; காற்று போக வேண்டும். மறுபக்கமிருந்து உறிஞ்சினாலும் அதே திசையில் வர வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கமிருந்து ஊதினால் துளியும் போகக்கூடாது. போனால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று குழாயை அசையாமல் பிடிக்க. துருப்பிடித்த அந்த மெல்லிய குழாய் முறுக்கிக்கொண்டால் அதே அச்சில் வளைத்த குழாய்க்குப் பழைய இரும்புக்கடைகளில் அலைய வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை

குளிர் ஆரம்பிக்கும் முன், அக்டோபரில், வால்வுப் பக்க ஹோஸைக் கழற்றி அந்த வெள்ளைத் துணிச் சோதனையை மட்டும் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை. ஈரம் இருந்தால் பம்ப் சாவதற்கு முன்பே வால்வைப் பிடித்துவிட்டீர்கள். ஸ்பாஞ்சு வடிகட்டி கழற்றக்கூடியதாக இருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள், நொறுங்கினால் புதுசு. கனெக்டரில், ஈரம் புகாமல் தடுக்க, கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ். இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் இருந்தால் பம்பின் காற்று வாயைப் பாலிதீன் பையால் கட்டிவிட்டுக் கழுவுங்கள். ஆழமான தண்ணீரில் இறங்கி ஏறிய டிரக் என்றால் அன்றைக்கே பம்ப் ஹோஸைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

ஓட்டும் விதமும் கணக்கில் வரும். பிள்ளையைப் பள்ளியில் விட ஒன்றரை மைல், கடைக்கு ஒரு மைல் என்று மட்டுமே ஓடும் டிரக்கில் எக்ஸாஸ்ட் முழுசாகச் சூடேறாது, தண்ணீர் வெளியேறாமல் உள்ளேயே தங்கும். வாரத்தில் ஒரு நாளாவது ஃப்ரீவேயில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும் 28 மைலை இப்போது காரில் போவதில்லை, டிரக்கில்தான் போகிறேன்.